காளான் ஆப், பத்து மடங்கு லென்ஸ், கறுப்பு வெள்ளை அட்டை: வேலூர்க் காட்டுக்கு எது உதவும்?

ஐப்பசியில் நாலு நாள் விட்டுவிட்டு மழை பிடித்தால் ஒடுகத்தூர், அமிர்தி, ஜமுனாமரத்தூர் பக்கம் புற்றுகளைச் சுற்றிக் காளான் வெடித்து நிற்கும். அதே வாரத்தில் போனில் காளான் ஆப் இறக்குகிறவர்களும் கூடிவிடுகிறார்கள். படம் பிடித்தால் பெயர் வரும். சிலவற்றில் பெயருக்குக் கீழே ‘உண்ணத்தக்கது’ என்று பச்சை அடையாளமும் வரும். இந்த மதிப்புரை அந்த ஆப்புகளையும், அவற்றோடு சேர்த்து வாங்கச் சொல்லப்படும் சாமான்களையும் பற்றியது: கைலென்ஸ், காளான் உதிர்க்கும் வித்தின் நிறம் பார்க்கும் கறுப்பு வெள்ளை வித்துப்படிவு அட்டை, அமிலச் சோதனை, நச்சுப் பட்டை. ஆளைக் கொல்லும் காளானைத் தனியே பிரித்துக் காட்ட இவற்றில் எதை நம்பலாம் என்பதே கேள்வி.

பழைய வடஆற்காட்டில் நச்சு இலையான ஒடுவன் தழை என்றால் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். இலையைப் பார்த்ததும் பெயரும் ஆபத்தும் சேர்ந்தே நினைவுக்கு வரும். காளானில் அந்த வசதி இல்லை. தின்பதற்குப் புற்றுக்காளான், வைக்கோல் காளான் என்று பெயர்கள் உண்டு; மிச்சமெல்லாம் நாய்க்குடை. இரண்டு மணி நேரத்தில் வாந்தி வரவைத்து மறுநாள் விட்டுவிடுவதும் நாய்க்குடைதான், நாலாம் நாள் கல்லீரலை முடித்துவிடுவதும் நாய்க்குடைதான். ஆப் வாங்குகிறவர் உண்மையில் தேடுவது இந்த ஒரு சொல்லைப் பல சொல்லாகப் பிரித்துத் தரும் ஆளை.

பிரிக்கிற விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சாமான்களை அதை வைத்துத்தான் எடைபோட முடியும். கொல்லும் கூட்டத்தில் முதலிடம் அமாடாக்ஸின் உள்ளவைக்கு. அமானிட்டா பேரினத்தில் டெத் கேப்பும் அதன் வெள்ளை உறவுகளும், கலெரினாவில் சில, லெபியோட்டாவில் குட்டையான செதில் குடைகள் சில இதில் அடக்கம். இந்த நச்சு கல்லீரல் செல்லுக்குள் புரதம் தயாரிப்பதற்கான ஆர்.என்.ஏ. உருவாவதையே நிறுத்திவிடுகிறது. கொதித்தாலும் காய்ந்தாலும் போகாது. குழம்பில் இறங்கியும் இருக்கும். உயிருக்கு ஆபத்தான அளவு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். நன்றாக வளர்ந்த ஒரே ஒரு டெத் கேப்பில் அது இருக்கக்கூடும். 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள்.

அடுத்தது மஸ்கரின் உள்ளவை: இனோசைபி போன்றவை. தின்ற கால் மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேர்வை, எச்சில், கண்ணீர் எல்லாம் கொட்டும், நாடி குறையும். இதற்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு. மூன்றாவது, வெறும் வயிற்றைப் பதம்பார்ப்பவை. சமவெளிப் புல்வெளிகளில் வட்டம் கட்டி முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், இதில் தலைவன். விளையாட்டு மைதானம், கல்லூரி வளாகம், தென்னந்தோப்பு எங்கும் வரும். பார்க்க அழகாக, கறிக்கு உகந்ததுபோலவே இருக்கும்; ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி. ஆள் சாவது அரிது, ஆனால் குழந்தைகளுக்கு நீரிழப்பு கடுமையாகும்.

இனி ஆப்புகள்.

சந்தையில் இரண்டு வகை. படத்தைக் கணினி பார்த்துச் சில நொடியில் பெயரும் சதவீதமும் சொல்வது ஒன்று. பெரும்பாலும் சில நாள் இலவசம், பிறகு தானாகச் சந்தா பிடிக்கும். இறக்கிய அன்றே போன் அமைப்பில் சந்தாவை நிறுத்திவிடுவது நல்லது. படத்தை ஏற்றினால் பல நாட்டுப் பார்வையாளர்கள் கூடிப் பெயர் சொல்வது இன்னொன்று. முதல்வகை வேகம், இரண்டாவது நிதானம். வகைப்பாடு கற்க வேண்டுமானால் இரண்டாவதே மேல்: ஒருவர் ஒரு பெயர் சொல்ல, இன்னொருவர் ‘அடிக்கிண்ணம் (தண்டின் அடியைச் சுற்றிய உறை) தெரியவில்லையே’ என்று கேட்பார். அந்தக் கேள்விதான் பாடம்.

வேக வகையின் குறையைச் சொல்ல ஊகம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2020-21 காலத்துச் சேர்ந்த 78 காளான் மாதிரிகளை மூன்று பிரபல ஆப்புகளிடம் காட்டி ஆய்வாளர்கள் சோதித்து, முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். முதலில் வந்த ஆப் சரியாகப் பெயர் சொன்னது 49 சதவீதம். மற்ற இரண்டும் 35. டெத் கேப்பை மட்டும் எடுத்தால் முதலில் வந்த ஆப் 60 சதவீதம், மற்ற இரண்டும் 67, 27 சதவீதம். அங்கே டெத் கேப் ஊரறிந்த காளான். படங்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் கிடக்கின்றன. அப்படியும் டெத் கேப்பை அதிகம் கண்டுகொண்ட ஆப்பே மூன்றில் ஒன்றைத் தவறவிட்டது.

நம் பக்கத்தில் இது இன்னும் மோசமாவதற்குக் காரணங்கள் உண்டு. ஆப்புக்குப் பயிற்சி கொடுத்த படங்களில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் பெரும்பங்கு. புற்றுக்காளான் இனமான டெர்மிட்டோமைசிஸ் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கறையானோடு வாழ்வது. வெளிநாட்டுப் படக்குவியலில் அதற்கு இடம் குறைவு. பட்டியலில் சரியான பெயர் இல்லாதபோது ‘தெரியவில்லை’ என்று சொல்லும் பழக்கம் பல ஆப்புகளுக்குக் கிடையாது. இருக்கிற பெயர்களில் கிட்டியதை எடுத்து 80 சதவீதம் என்று போடும். அந்த எண்ணைப் ‘பத்துக்கு எட்டு முறை சரி’ என்று படிப்பதுதான் ஆகப் பெரிய தவறு. தனக்குத் தெரிந்த பெயர்களுக்குள் இந்தப் படம் எதற்குக் கிட்டம் என்பது மட்டுமே அதன் பொருள்.

இன்னொரு காரணம் படம் எடுக்கிற கை. நின்றபடி மேலிருந்து எடுத்தால் குடை மட்டும் விழும். அமானிட்டாவை அமானிட்டா என்று காட்டிக்கொடுக்கும் அடிக்கிண்ணம் மண்ணுக்குள் இருக்கிறது. வித்தின் நிறம் எந்தப் படத்திலும் இல்லை. அளவுகோல் இல்லாததால் இரண்டு அங்குல லெபியோட்டாவும் ஒரு சாண் குடையும் ஆப்புக்கு ஒன்றே.

ஆகவே ஆப் பயன்படுத்தியே தீருவேன் என்பவருக்கு: முளைத்த இடத்தோடு ஒன்று, பக்கவாட்டில் முழுத் தண்டோடு ஒன்று, குடைக்கு அடிப்புறம் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் செவுள்கள், செவுள் தண்டைத் தொடுகிற இடம் கிட்டத்தில், மண்ணோடு தோண்டி எடுத்த அடி, நெடுக்காகப் பிளந்த வெட்டுமுகம் என ஆறு படம். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். விட்டம் 27 மில்லிமீட்டர். கடையில் வாங்க மறுக்கிற நாணயம் இதற்காவது ஆகட்டும். பிடுங்கவே கூடாது, குச்சியால் சுற்றிலும் தோண்ட வேண்டும். பிடுங்கினால் அடிக்கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது கிண்ணமில்லாத ‘நல்ல’ காளான். மலை மேல் சிக்னல் போய்விடும் இடங்கள் அதிகம் என்பதால், படத்தை எடுத்துவைத்துக் கீழே வந்து ஏற்றுவதே நடைமுறை.

ஆறு படத்தையும் போட்டால் வேக ஆப்பும் பேரினம் வரை ஓரளவு தேறும். ‘அமானிட்டா’ என்று ஒருமுறை சொன்னாலும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். ‘உண்ணத்தக்கது’ என்று பத்து முறை சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை. காட்டில் பழக ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அடுப்படிக்குப் பூஜ்யம்.

கறுப்பு வெள்ளை அட்டைக்கு வருவோம். லாங் பஜாரில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கறுப்புச் சார்ட் ஒன்று, வெள்ளைச் சார்ட் ஒன்று வாங்கி உள்ளங்கை அளவுக்கு வெட்டிப் பாதிக்குப் பாதி ஒட்டினால் முடிந்தது. இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் உண்மை பேசுவது.

வித்துப்படிவு எடுக்கும் முறை இது. குடை விரிந்து ஒரு நாளுக்குள் இருக்கும் காளானாக எடுங்கள். மொட்டு வித்து உதிர்க்காது, கிழடு புழுத்திருக்கும். தண்டைச் செவுள் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, செவுள் கீழே பார்க்கக் குடையை அட்டையின் நடுவில், பாதி கறுப்பிலும் பாதி வெள்ளையிலும் படும்படி வையுங்கள். குடையின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். அதன்மேல் டம்ளரையோ கிண்ணத்தையோ கவிழ்த்துவிட்டு மின்விசிறியை நிறுத்துங்கள். புத்தகங்கள் இராமுழுக்க என்று சொல்லும். வேலூர் வெயிலில் இராமுழுக்க வைத்தால் காலையில் அட்டைமேல் புழுவும் கொழகொழப்பும்தான் இருக்கும். நாலு மணி நேரத்தில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் விழுந்திருக்கும். எறும்பு வந்து படிவைக் கலைக்கும், எனவே தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வையுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் இளஞ்சிவப்பு வெள்ளையாகத் தெரியும்.

நிறங்கள் சொல்வது இது. வெள்ளை என்றால் அமானிட்டாவும் லெபியோட்டாவும் இந்தக் கூட்டம். பால் காளானும் இதே கூட்டம், ஆகவே வெள்ளை விழுந்ததும் முடிவு கட்ட முடியாது, அடியைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு என்றால் புற்றுக்காளான், வைக்கோல் காளான். கூடவே நச்சுள்ள எண்டோலோமாவும். பச்சை விழுந்தால் சந்தேகமே வேண்டாம், அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். துருப்பழுப்பு கலெரினாவைச் சந்தேகிக்க வைக்கும். மங்கிய மண்பழுப்பு இனோசைபி. சாக்லேட் பழுப்பு அகாரிகஸ், அதாவது கடை மொட்டுக் காளானின் உறவு.

பச்சை வித்து விஷயத்தில் ஒரு பொறி உண்டு. குளோரோஃபில்லத்தின் இளம் செவுள் சுத்த வெள்ளை. பச்சை ஏறுவது குடை முற்றிய பிறகு. காலையில் பறித்தவர் செவுளைப் பார்த்து ‘வெள்ளைதானே’ என்று சட்டியில் போடுகிறார்; அட்டையில் வைத்திருந்தால் மாலைக்குள் பச்சை காட்டியிருக்கும். ஆப்பும் இதே இடத்தில்தான் வழுக்கும், அது பார்ப்பதும் காலை நேரத்து வெள்ளைச் செவுளைத்தானே.

புற்றுக்காளான் என்று நினைத்தால் இன்னும் ஒரு சோதனை இருக்கிறது, அட்டையைவிடப் பழையது. தண்டின் அடி வேர்போல நீண்டு மண்ணுக்குள் இறங்கி, கறையான் வளர்க்கும் பூஞ்சைக் கூட்டில் போய்ச் சேரும். குடையின் உச்சியில் கூரான முகடு. அடியில் பையோ கிண்ணமோ இருக்காது. தோண்டிப் பார்த்து அந்த வேர் ஒரு சாணுக்கு மேல் போனால் நல்ல அறிகுறி. தண்டு உருண்டையாகப் பருத்து, அதைச் சுற்றிக் கிழிந்த உறைபோல ஒன்று இருந்தால் கையைக் கழுவிவிட்டு நகர வேண்டியதுதான். புற்றுக்குப் பக்கத்தில் முளைத்தது மட்டும் சாட்சியாகாது. புற்றடியிலும் புல் உண்டு, புல்லில் குளோரோஃபில்லம் உண்டு. குன்றிமணி அளவில் நூற்றுக்கணக்கில் தரையை மூடும் சின்னப் புற்றுக்காளானுக்கு இந்த நீண்ட வேர் கிடையாது. கறையான்களே கூட்டை மேலே கொண்டுவந்து போட்ட இடத்தில் அது முளைக்கும். அதைப் பழகாதவர் தொட வேண்டாம்.

வைக்கோல் காளானில் சிக்கல் வேறு. அதற்கும் அடிக்கிண்ணம் உண்டு, அமானிட்டாவுக்கும் உண்டு. வித்தியாசம் இரண்டு: வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையம் கிடையாது, வித்து இளஞ்சிவப்பு. முட்டைபோல மூடியிருக்கும் மொட்டு நிலையில் இந்த இரண்டையும் பார்க்க வழியில்லை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்கள் டெத் கேப் மொட்டை ஊர் வைக்கோல் காளான் என்று பறித்து உயிரை விட்டது இந்த இடத்தில்தான். வெளியே முளைத்த மொட்டு எதையும் எந்த ஆப் காட்டினாலும் தின்னக்கூடாது.

லென்ஸுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகைக்கடையிலும் அடகுக்கடையிலும் முத்திரை பார்க்கும் பத்து மடங்கு மடக்கு லென்ஸ் போதும். 30 மடங்கு என்று அச்சிட்ட மலிவு லென்ஸ்கள் பலவும் உண்மையில் பத்துக்குப் பக்கத்தில்தான். எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் காளானை அருகே கொண்டுவர வேண்டும், லென்ஸை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டியவை செவுள் தண்டைத் தொடுகிறதா, விலகி நிற்கிறதா என்பது. குடைமேல் இருப்பது ஒட்டிய உறைத் துணுக்கா, தோலோடு வளர்ந்த செதிலா என்பது. துணுக்கு என்றால் நகத்தால் உதிரும், மழையிலும் கழுவிப் போகும். எண்டோலோமாவை இளஞ்சிவப்புக் கூட்டத்திலிருந்து பிரிப்பதும் இதுதான்: அதன் செவுள் பொதுவாகத் தண்டில் ஒட்டியிருக்கும், வைக்கோல் காளானின் செவுள் ஒட்டாது. ஐந்துக்கு நாலு.

அமிலச் சோதனை. மைக்ஸ்னர் சோதனை என்று பெயர். மலிவுச் செய்தித்தாளில் காளான் சாற்றை ஒரு துளி பிழிந்து, பென்சிலால் வட்டம் போட்டு, சூடு காட்டாமல் காயவிட்டு, அதன்மேல் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. சில நிமிடத்தில் நீலம் வந்தால் அமாடாக்ஸின் இருக்கலாம். தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளோடு நடக்கும் வினை இது, ஆகவே வெளுத்த ஏ4 தாளில் வராது. பக்கத்தில் சாறில்லாத வட்டத்திலும் அமிலம் விட்டு ஒப்பிடாவிட்டால் முடிவுக்குப் பொருளே இல்லை. வெயிலில் காயவைத்தால் பொய்யாக நீலம் வரும். வேறு சில காளான்களுக்கும் வரும். கழிவறை கழுவும் திரவத்தை வைத்து இதைச் செய்ய வீடியோ போடுகிறார்கள். அதில் அமிலம் வீரியம் குறைவு, போதாததற்கு அதுவே நீல நிறம். நீலம் வராவிட்டாலும் மஸ்கரினும் குளோரோஃபில்லமும் இதற்குள் அகப்படாது. கல்லூரி ஆய்வகத்தில், கையுறை போட்டு, புகைபோக்கிக்குள் செய்து காட்ட நல்ல பாடம். வீட்டுக்கு வாங்கவே கூடாத சாமான்.

நச்சுப் பட்டை புதிது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2020-இல் வெளியிட்ட முறை: அரிசி அளவு காளான் துண்டைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, அந்த நீரைப் பட்டையில் விட்டால் பத்து நிமிடத்தில் முடிவு. நோயாளியின் சிறுநீரிலும் காட்டும். நாலில் இது ஒன்றுதான் குறிப்பிட்ட நச்சையே தேடுகிறது, அந்த வகையில் உயர்வு. வாசிப்பதில் மட்டும் கவனம் பிசகக்கூடாது. கர்ப்பப் பரிசோதனை, கொரோனா பட்டை பழகிய கண்ணுக்கு இரண்டு கோடு என்றால் ‘இருக்கிறது’. இங்கே தலைகீழ்: இரண்டு கோடு என்றால் அமாடாக்ஸின் அகப்படவில்லை, ஒரே கோடு என்றால் அகப்பட்டது. பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பட்டையை மட்டும் வைத்திருக்கும் வீட்டில் இது உயிர் விஷயம். அமாடாக்ஸின் தவிர வேறு நச்சு எதையும் இது சொல்லாது. ஆகவே இரண்டு கோடு வந்த காளானும் சமையலுக்கு அனுமதி பெற்றதாகாது.

காசில்லாச் சோதனைகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், ஆப்போடு போட்டி போடுவதே இவைதான். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூண்டோ மஞ்சளோ நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி தின்றிருந்தால் நல்லது, தோல் உரிந்தால் நல்லது. நாலும் தப்பு. டெத் கேப்பின் தோல் அழகாக உரியும், நத்தை அதைத் தின்னும், வெள்ளி அதற்குக் கறுக்காது.

யாராவது தின்றுவிட்டால் எந்த ஆப்பையும் திறக்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். தின்ற நேரம், முதல் வாந்தி நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள். தின்ற ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிய வாந்தி பெரும்பாலும் வயிற்று வகை. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, முக்கியமாக எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அமாடாக்ஸின் என்றே வைத்து ஓட வேண்டும். இரண்டு வகையைக் கலந்து தின்றிருந்தால் சீக்கிர வாந்தியை நம்பி உட்காரக்கூடாது. அமாடாக்ஸினில் இரண்டாம் நாள் பேதி நின்று ஆள் தேறியதுபோல எழுந்து உட்காருவார். வீட்டுக்குக் கூட்டிப்போகத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும்; மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தெரியும். கல்லீரல் நொதிகள், ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, கிரியேட்டினின் ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப எடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். கரித்தூள், அசிட்டைல்சிஸ்டீன், சிலிபினின் என்று மருத்துவம் உண்டு, கடைசியில் கல்லீரல் மாற்றும் உண்டு. எல்லாமே சீக்கிரம் போனால்தான். 108-ஐ அழைத்துவிட்டு, டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 எண்ணையும் மருத்துவரிடம் கொடுக்கலாம்.

மிச்சக் காளானைத் தூக்கியெறிய வேண்டாம். சமைக்காதது ஒன்றாவது, அடியோடு, செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பாலித்தீன் பையில் போட்டால் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் அழுகிக் கூழாகிவிடும். சமைத்ததில் ஒரு கரண்டியும் தனியாக. ஆறு படம் எடுத்த போனும் இப்போது உதவும். ஆப் சொன்ன பெயரை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் காட்டுங்கள்.

காளான் கறிக்குத்தான் ஆசை என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் வளர்ப்பு பற்றிக் கேட்கலாம். பால் காளான் நம் வெப்பத்துக்கு ஏற்றது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் அருப்புக்கோட்டையிலிருந்து வெளியிட்ட ஏபிகே-2 ரகம் அதற்கென்றே வந்தது. ஒரு படுக்கைக்கு ஆகும் விதைப்புட்டிச் செலவு பல ஆப்புகளின் ஒரு மாதச் சந்தாவைவிடக் குறைவு.